நான் மரத்தைத்தான் சொன்னேன்

பழம் இல்லை தம்பி. எவ்வளவு நேரம் அண்ணாந்து பாத்தாலும் இல்லை. கழுத்துதான் வலிக்கும். கேமராவைக் கீழ வச்சுட்டு இப்படி வந்து உக்காருங்க. போன்ல நீங்க கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். சொன்னா வரமாட்டீங்களோன்னு சொல்லலை. அது என் தப்புதான், ஒத்துக்கிடுறேன். ஆனா மரம் காய்க்காதது என் தப்பு இல்லை. அது யாரு பண்ண வேலைன்னு கேளுங்க.

என் ஓரகத்தி பண்ண வேலை. லீமான்னு பேரு. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. அந்தா வேலிக்கு அங்கிட்டு ஓட்டு வீடு தெரியுதுல்ல, அதான் அவ வீடு. பூட்டிக் கிடக்கு. இருபத்தாறு வருஷம் அக்கா அக்கான்னு என் பின்னாடியே திரிஞ்சவ. அவளா இப்படிப் பண்ணுவான்னு கனவுல கூட நினைக்கலை தம்பி.

அவளைப் பாத்து முடிச்சு வச்சதே நான்தான். என் கொழுந்தன் லூர்துக்குப் பொண்ணு தேடி பத்லகுண்டுக்குப் போனது நானு. குளிர் தாங்குவாளா, இந்த மேல்மலையில காலந்தள்ளுவாளான்னு எல்லாரும் யோசிச்சாங்க. நான்தான், இவ போதும், அடக்கமா இருக்கான்னு சொன்னேன். வந்தா. ரெண்டு வருஷம் பாத்தோம், அஞ்சு வருஷம் பாத்தோம். பிள்ளை இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்துகூடப் போனாங்க. இல்லை. அதுக்காக நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? கேட்டுப் பாருங்க இந்த ஊருல. சொன்னதே இல்லை. என் மகளைத் தூக்கி அவ மடியிலதான் போட்டேன். லீமா கல்யாணமாகி வந்தப்ப ஜெசிந்தாவுக்கு ஒரு வயசு. நான் விடிஞ்சதும் பூண்டு வயலுக்குப் போயிருவேன், பிள்ளை நாள் முழுக்க அவகிட்டதான். குளிக்க வைக்கிறது, ஊட்டுறது, ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுறது எல்லாம் அவதான். ஒரு பிள்ளை இல்லாதவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல், சொல்லுங்க. யாரு கொடுப்பா அப்படி?

மரத்துக்கு வர்றேன். இதை எங்க பக்கம் வெள்ளோடைன்னு சொல்லுவோம். பட்டை வெளுத்து இருக்குல்ல, அதனாலயோ என்னமோ. உங்க புத்தகத்துல வேற பேரு போட்டிருப்பாங்க. எங்க மாமனார் இந்த இடத்தைத் திருத்துனப்ப சோலை மரம் எல்லாம் போயிருச்சு, ரெண்டே ரெண்டு வெள்ளோடை மட்டும் நின்னுச்சு. சொத்துப் பிரிச்சப்ப நடுவுல வேலி போட்டோம். ஒரு மரம் எங்க பக்கம், ஒரு மரம் அவங்க பக்கம். இருபதடி தள்ளி இருக்கும், அவ்வளவுதான்.

எங்க மரம் கார்த்திகை வந்தா இலையே தெரியாது தம்பி. அப்படிச் சிவப்பா காய்ச்சுத் தொங்கும். மிளகு பெருசுல, குண்டு குண்டா, கொத்துக் கொத்தா. காட்டுப்புறா வரும், கொண்டைக்குருவி வரும், பேரு தெரியாத குருவி எல்லாம் வரும். எங்க வீட்டுக்காரரு இறந்து அடுத்த வருஷம், உங்களை மாதிரித்தான் ஒருத்தரு பஸ்ஸைத் தவற விட்டுட்டு வந்தாரு. இந்த மரத்தைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. நாலு நாள் இங்கயே தங்கிப் படம் எடுத்தாரு. அந்தப் படத்தைப் பாத்துட்டு ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. கோயம்புத்தூரு, பெங்களூரு, ஒரு தடவை ஜெர்மனியில இருந்துகூட ஒரு அம்மா வந்துச்சு. ரெண்டு ரூம் கட்டுனேன். புருஷன் இல்லாத பொம்பளை தலை நிமிந்து நின்னேன்னா அந்த மரத்தாலதான். லீமாவையும் நான் விட்டுடலை. சமையல் பூராவும் அவகிட்டதான் கொடுத்தேன். வர்றவங்க எல்லாம் அவ கைச்சோத்தைத்தான் புகழ்ந்துட்டுப் போவாங்க. நமக்கு என்ன, நல்லது தானேன்னு இருந்தேன்.

அவ பக்கம் நின்ன மரம் இருக்கே, அது ஒரு உபத்திரவம். பங்குனி சித்திரையில பூக்கும் பாருங்க, எங்க மரத்தை விட ரெண்டு மடங்கு பூக்கும். வெள்ளை வெள்ளையா பொடிப்பூ. அவ்வளவும் கொட்டும். என் தண்ணித் தொட்டியில கொட்டும், காயப்போட்ட துணியில கொட்டும். தேனீ வேற. ஒரு விருந்தாளிக்கு உதட்டுல கொட்டி முகமே வீங்கிப்போச்சு. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் பண்ணிட்டு கார்த்திகையில ஒரு பழம் வைக்குமா? ஒண்ணு கூட வைக்காது. நான் வந்த நாள்ல இருந்து அந்த மரத்துல ஒரு காயைப் பாத்ததில்லை.

வெட்டிருடீன்னு சொன்னேன். ஒரு தடவையா, நூறு தடவை சொல்லியிருப்பேன். வேற எதைச் சொன்னாலும் கேட்பா. இதை மட்டும் கேக்க மாட்டா. "இருக்கட்டும் அக்கா, அது பாட்டுக்கு நிக்கட்டும்"னு சிரிச்சுக்கிட்டே போயிருவா. தொட்டியை அவளே வந்து கழுவி விடுவா. ஆனா மரத்துல கை வைக்க விட மாட்டா. பிடிவாதம்.

இப்ப கதைக்கு வர்றேன். டீ ஆறுது, குடிங்க.

ஜெசிந்தாவை திண்டுக்கல்ல கட்டிக் கொடுத்தோம். அங்க ஸ்கூல்ல டீச்சரா இருக்கா. முழுகாம இருந்தா. ஏழாம் மாசம் பங்குனியில வந்துச்சு. வளைகாப்பை இங்கயே, இந்த முத்தத்துலயே வச்சேன். பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, மாதா படத்துக்கு மாலை போட்டு. சம்பந்தி வீட்டு ஆளுங்க வேன்ல வந்து இறங்குனாங்க. லீமாவும் வளையல் வாங்கிட்டு வந்திருந்தா. பச்சையும் சிவப்புமா, ரெண்டு டஜன். பத்லகுண்டு வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தாளாம்.

சம்பந்தியம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, "இந்தம்மாவும் போடுவாங்களா?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுலயும் தப்பில்லை, முதல் பேறு, அவங்க வீட்டு வாரிசு. நான் என்ன செய்யட்டும்? விலக்குனேனா? விலக்கலை தம்பி. லீமாகிட்டப் போய் மெதுவா, "நீ எல்லாரும் போட்ட பிறகு கடைசியா போடு"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். சரிக்கான்னு தலையாட்டிட்டு ஓரமா நின்னா. வளையல் கையில இருந்துச்சு. வேற யாராவதா இருந்தா வரவே வேணாம்னு சொல்லியிருப்பாங்க.

சாப்பாடு எடுத்து வச்சாங்க. புளிச்சோறு, தயிர்ச்சோறு, தேங்காச்சோறு, ஏழு வகை. மூடியைத் திறந்ததுதான் தாமதம், ஒரு காத்து. அந்த மரத்தை ஒரு உலுக்கு உலுக்குச்சு பாருங்க. பூ அப்படியே தயிர்ச்சோத்துல. சம்பந்தியம்மா பட்டுச் சேலையில. மாப்பிள்ளை தலையில. எனக்கு ஆத்திரம் தாங்கலை. காலையில நாலு மணியில இருந்து நிக்கிறவ நானு. வாயில வந்துருச்சு. "பூத்துப் பூத்து ஊரையே நிறைக்கும், ஒரு காய் வைக்கத் துப்பில்லை. இதெல்லாம் எதுக்குத்தான் நிக்குதோ. என்னைக்குத்தான் ஒழியுமோ"ன்னு சொல்லிட்டேன்.

நான் மரத்தைத்தான் தம்பி சொன்னேன்.

எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. ஏன்னு எனக்குப் புரியலை. திரும்பிப் பாத்தா எல்லாரும் லீமாவைப் பாக்குறாங்க. அவ நடந்து வந்தா. வளையலைத் தட்டுல வச்சா. ஜெசிந்தா கையை நீட்டி, "சித்தி, போட்டு விடுங்க"ன்னு சொல்லுது. அவ ஜெசிந்தா கன்னத்தைத் தொட்டுட்டு, வேலிப் படலைத் திறந்துட்டுப் போயிட்டா. வயித்துப் பிள்ளைக்காரி அழுதுச்சு. நல்ல நாளும் அதுவுமா எம் பொண்ணை அழ வச்சுட்டுப் போனா. அதை நான் இன்னைக்கு வரைக்கும் அவகிட்டக் கேட்கலை. பெருந்தன்மையா விட்டுட்டேன்.

மறுநாள் காலையில மெஷின் ரம்பம் சத்தம் கேட்டுச்சு. போய்ப் பாத்தா, லூர்து ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வந்து மரத்தை அறுக்குறாரு. லீமா வாசப்படியில உக்காந்து பாத்துட்டு இருக்கா. எனக்கு என்ன சந்தோஷம்ங்கிறீங்க! அறுக்குற ஆளுங்களுக்கு நானே டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இப்பவாவது புத்தி வந்துச்சே"ன்னு அவகிட்டச் சொன்னேன். அவ என்னை நிமிந்து பாத்தா. "விறகு உங்களுக்கு வேணுமா அக்கா?"ன்னு கேட்டா. வேணாம்னு ஏன் சொல்லணும்? நாலு மாசத்துக்கு வந்துச்சு. நல்லா நின்னு எரிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் அவ இங்கிட்டு வர்றதை நிறுத்திட்டா. சமையலுக்கும் வரலை. இடுப்பு வலின்னு லூர்து வந்து சொன்னாரு. நம்பிட்டேன். ஜெசிந்தாவுக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. பிரசவம் பாத்து மூணு மாசம் இங்கதான் வச்சிருந்தேன். ஜெசிந்தா தினமும் பிள்ளையைத் தூக்கிட்டு வேலியைத் தாண்டிப் போயிரும். லீமா குளிக்க வைக்கணுமாம், அவ கை பட்டாத்தான் பிள்ளை தூங்குதாம். நான் பெத்தவ இங்க வெந்நீர் வச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லலையே நானு.

அந்தக் கார்த்திகையில மரம் காய்க்கலை. பூத்துச்சு, பிஞ்சு மாதிரி என்னமோ வச்சுச்சு, உதிந்துபோச்சு. மழை பத்தலை போலன்னு விட்டுட்டேன். வந்தவங்க எல்லாம் ரெண்டு நாளைக்கு எடுத்த ரூமை ஒரு நாளோட காலி பண்ணிட்டுப் போனாங்க. அடுத்த கார்த்திகையும் இல்லை. அப்ப எனக்குப் பயம் வந்துருச்சு. யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு சர்ச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிச்சு, தீர்த்தம் தெளிச்சுகூடப் பாத்தேன்.

அப்பத்தான் ஒரு மேடம் வந்தாங்க. திலகவதின்னு பேரு. காலேஜ்ல மரம் செடி பத்திப் பாடம் எடுக்கிறவங்க. ஏணி போட்டு ஏறி, பூ இருந்த இடத்தை எல்லாம் கண்ணாடி வச்சுப் பாத்தாங்க. "கிறிஸ்துமஸ் கார்டுல முள்ளு இலையும் சிவப்புப் பழமுமா போட்டிருப்பாங்களே, ஹோலி, அந்த வம்சம் அம்மா இது"ன்னு சொன்னாங்க. எனக்கு அப்படி ஒரு பெருமை. அடுத்து அவங்க கேட்டாங்க, "பக்கத்துல இன்னொரு மரம் இருந்துச்சா? நிறைய பூத்து, காய்க்கவே காய்க்காம?"

வேலிக்கு அங்கிட்டுக் கையைக் காட்டுனேன் தம்பி.

இந்த மரத்துல ஆண் வேற, பொண்ணு வேறயாம். பப்பாளியில இருக்குல்ல, அந்த மாதிரி. எங்க மரம் பொண்ணு. அவ மரம் ஆணு. அது பூத்து, அந்தத் தேனீ எல்லாம் அங்க இருந்து இங்க வந்தாத்தான் இது காய்க்குமாம். சுத்தி இப்ப யூகலிப்டஸும் வாட்டில் மரமும்தான் நிக்குது. அடுத்த ஆண் மரம் எந்தச் சோலையில இருக்கோ, தேனீ அவ்வளவு தூரம் வராதுன்னு சொல்லிட்டாங்க. "அந்த மரத்தை ஏம்மா வெட்டுனீங்க?"ன்னு என்னைக் கேக்குறாங்க. நானா வெட்டுனேன்? "என் ஓரகத்தி வெட்டுனா"ன்னு சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மறுநாள் மேடம் கிளம்பிப் போனதும் நேரா அவ வீட்டுக்குப் போனேன். ஒண்ணரை வருஷம் கழிச்சு அந்த வாசப்படியை மிதிக்கிறேன். அவ அவரைக்காய் நறுக்கிட்டு இருந்தா.

"ஏன்டி லீமா, அது ஆண் மரமாமே. அது இல்லாம என் மரம் காய்க்காதாமே."

"ஆமாக்கா"ன்னா.

"ஆமாவா? உனக்குத் தெரியுமா?"

"ஆறேழு வருஷமாத் தெரியும்க்கா. சாப்பிட வந்த ஒரு சார் சொன்னாரு."

"தெரிஞ்சேவா வெட்டுன?"

அரிவாமனையில இருந்து எந்திரிச்சா. கையைச் சேலையில தொடச்சா. "தெரிஞ்சதாலதான் இத்தனை வருஷமா வெட்டாம வச்சிருந்தேன். தெரிஞ்சேதான் வெட்டவும் செஞ்சேன். அன்னைக்கு ஒரு நாள் என்னால முடியலைக்கா"ன்னு சொன்னா.

எப்படி இருக்கும் எனக்கு? தெரியாம வெட்டியிருந்தா அது வேற. தெரிஞ்சு, திட்டம் போட்டு, கூடப் பிறக்காத தங்கச்சியா நினைச்சவ என் வயித்துல அடிச்சிருக்கா. "ஏன்டி என்கிட்டச் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வெட்டச் சொல்லியிருப்பேனா?"ன்னு கத்துனேன்.

"சொன்னேன்க்கா. அந்த சார் போன அன்னைக்கே ஓடிவந்து சொன்னேன். நீங்க உரல்ல மாவாட்டிக்கிட்டு இருந்தீங்க. 'உன் மரத்துக்கு மீசை இருக்கான்னு போய்ப் பாருடி'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க."

சொல்லியிருப்பா. சொல்லியிருக்கலாம். ஆயிரம் வேலை எனக்கு, எதுன்னு ஞாபகம் வச்சிக்கிறது? முக்கியமான விஷயம்னா ரெண்டு தடவை சொல்லணும்ல. நான் வெட்டுன்னு நூறு தடவை சொன்னேன்ல, அவ ஏன் இதை ஒரு தடவை சொல்லிட்டு விட்டா?

லூர்து உள்ள இருந்து வந்து, "மதினி, வாங்க ஒண்ணு காட்டுறேன்"னு கூட்டிட்டுப் போனாரு. வெட்டுன அடிமரத்துல இருந்து துளிர் விட்டு நிக்குது. ஏழெட்டுக் கொம்பு, என் இடுப்பு உசரத்துக்கு. சுத்தி மூங்கில் நட்டு, முள்ளு கட்டி வேலி போட்டிருக்கு. "வெட்டுன மறுவாரமே இவ வேலி போட்டுட்டா மதினி. தினம் தண்ணி ஊத்துறா. நாலஞ்சு வருஷத்துல பூத்துரும்னு அந்த மேடமும் சொல்லிட்டுப் போனாங்க"ன்னாரு.

என்கிட்டச் சொல்லாம அந்த மேடம் அங்க போய் அவகிட்டப் பேசிட்டுப் போயிருக்காங்க, பாத்தீங்களா? எல்லாரும் அவ பக்கம்தான்.

வீட்டுக்கு வந்து உக்காந்து யோசிச்சேன். இது எதுக்கு? இனி நாலஞ்சு வருஷம் நான் அந்த வேலியையே பாத்துக்கிட்டு இருக்கணும். கார்த்திகைக்குக் கார்த்திகை அவ முகத்தைப் பாக்கணும். காய்ச்சா, லீமாவாலதான் காய்ச்சுச்சுன்னு ஊரு சொல்லும். என் மரத்துப் பழம் அவ கையில இருக்கிற மாதிரி ஆயிருச்சே தம்பி. ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு அழுதேன். பெத்த பொண்ணு என்ன சொல்லணும்? "அம்மா, நீ கேட்டதைத்தானே சித்தி செஞ்சாங்க. அவங்ககிட்டப் போய் ஒரு தடவை மன்னிப்புக் கேளு, எல்லாம் சரியாயிரும்"னு சொல்லுது. மன்னிப்பு! நான்! எதுக்கு? மரத்தைச் சொன்னதுக்கா?

தை மாசம் எங்க பசு அவுந்துக்கிட்டுப் போயிருச்சு. மாட்டுக்கு என்ன தெரியும் எல்லை. படலும் திறந்து கிடந்திருக்கு. முள்ளுவேலி ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சாம். அது உள்ள போய் எல்லாக் கொம்பையும் மேஞ்சு, மிதிச்சு, பட்டையை வேற உரிச்சுப் போட்டுருச்சு. ... என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? சரி, கயித்தை நான்தான் அவுத்தேன். மேயட்டும்னுதான் அவுத்தேன். அந்தப் பக்கம் போன்னு அதுக்குச் சொன்னேனா? முள்ளை நகத்துனது, அது வழியில கிடந்துச்சு, மாட்டுக் காலுல குத்துமேன்னு நகத்துனேன்.

லீமா வேலிகிட்ட வந்து நின்னா. சண்டை போடுவான்னு நினைச்சேன். நானும் தயாராத்தான் இருந்தேன். திட்டியிருந்தான்னா ரெண்டு பேரும் நாலு வார்த்தை கத்தி, அழுது, தீந்துபோயிருக்கும். அவ சாஞ்சு கிடந்த முள்ளை ஓரமா எடுத்துப் போட்டா. அப்புறம், "அக்கா, இனி நமக்கு நடுவுல வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்லை"ன்னா. மாட்டைப் பிடிச்சு, என் வீட்டு முளையில அவளே கட்டிட்டுப் போனா.

மாசியில கிளம்பிட்டாங்க. ஜெசிந்தா நீட்டி நீட்டிப் போட்ட லீவு முடிஞ்சு ஸ்கூலுக்குப் போகணும், பிள்ளையைப் பாத்துக்க ஆள் வேணும். நான் ஒருத்தி இங்க இருக்கேன்ல? ரெண்டு ரூமும் காலியா, ஆள் அரவம் இல்லாம உக்காந்திருக்கேன்ல? என்னைக் கூப்பிடலை. சித்தியையும் சித்தப்பாவையும் கூப்பிட்டு வீட்டோட வச்சுக்கிடுச்சு. நான் அவளைப் பாத்துக் கட்டி வச்சேன், என் பிள்ளையை அவ மடியில போட்டேன், சோறு சமைக்கிற இடம் கொடுத்தேன். கடைசியில மரத்தையும் எடுத்துக்கிட்டா, என் மகளையும் எடுத்துக்கிட்டா. இதை விடத் துரோகம் உண்டா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க.

போன ஞாயித்துக்கிழமை ஜெசிந்தா போன்ல படம் தெரியிற மாதிரி கூப்பிட்டுச்சு. பேத்திக்கு ரெண்டரை வயசு ஆகுது, நல்லாப் பேசுது. பூ போட்ட கவுன் போட்டிருந்துச்சு. சாயல்ல என்னையே உரிச்சு வச்சிருக்கு தம்பி, யாரு பாத்தாலும் சொல்லுவாங்க. ஜெசிந்தா போனை அது முகத்துக்கு நேரா பிடிச்சு, "யாரு பாரு, அம்மாச்சி பாரு. அம்மாச்சிக்கு முத்தம் கொடு"ன்னு சொல்லுச்சு.

பிள்ளை சிரிச்சுச்சு. போனைப் பாக்கவே இல்லை. அப்படியே பின்னால திரும்பி, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. அங்க தரையில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவ கழுத்தைக் கட்டிக்கிட்டு, கன்னத்துல முத்தம் கொடுக்குது.

ஜெசிந்தா, "அம்மா, அம்மா, அது சின்னப் பிள்ளைம்மா, இரு"ன்னு என்னமோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

சிக்னல் சரியில்லைன்னு நான்தான் போனை வச்சுட்டேன்.